லிஃப்ட் சாவியும் ஒன்பதாம் மாடி வாக்காளரும்

ஃபக்ரி சல்ஹப் அவர்கள் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் நாட்டின் தலைவிதியைத் தீர்மானித்திருக்கிறார். அதுவும் தபால் நிலையத்தில். இரண்டாயிரத்து ஆறில் பாலஸ்தீனத் தேர்தல் நடந்தபோது, கிழக்கு ஜெருசலேம்காரர்கள் ஓட்டுப் போடுவது போலத் தெரியக் கூடாது, கடிதம் போடுவது போலத் தெரியலாம் என்று பெரிய இடங்களில் பேசி முடித்திருந்தார்கள். அவரும் வரிசையில் நின்று சீட்டைப் பெட்டியின் இடுக்கில் தள்ளிவிட்டு வீடு திரும்பினார்.

"போட்டுட்டேன். பதில் வரும்" என்றார் மனைவியிடம்.

அதற்குப் பிறகு தேர்தலும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

மூத்த மகன் ராமிஸ் பிறந்த நாள் முதல் அவர் ஊருக்கு அபூ ராமிஸ், மனைவி உம் ராமிஸ். கலந்தியா சோதனைச்சாவடியிலிருந்து ஜெருசலேமின் டமாஸ்கஸ் வாசலுக்கு பஸ் ஓட்டுவது பிழைப்பு. ஆனால் அவருடைய பெருமை பஸ்ஸில் இல்லை. கஃப்ர் அகபில் எங்கள் ஒன்பது மாடிக் கட்டடத்தின் கமிட்டித் தலைவர் அவர்தான்.

கமிட்டிதானே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் தெரு ஜெருசலேம் மாநகராட்சிக்கு உள்ளே இருக்கிறது; எங்களுக்கும் ஜெருசலேமுக்கும் நடுவில் இஸ்ரேல் கட்டிய சுவர் இருக்கிறது. ஜெருசலேமுக்கு இந்தப் பக்கம் வர மனமில்லை, பாலஸ்தீன அரசு உட்கார்ந்திருக்கும் ரமல்லாவுக்கு வர அனுமதி இல்லை. ஆகவே எங்களை ஆளும் அரசாங்கம் தரைத்தளத்தில், லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தது. அதன் சாவி அபூ ராமிஸின் கழுத்தில் தொங்கியது.

ஒரு வருடத்துக்கு என்றுதான் பொறுப்பேற்றார். பிறகு தண்ணீர் மோட்டார் பழுதானது, அப்புறம் குப்பைப் பிரச்சினை, அப்புறம் மழைக்காலம். நாடு நெருக்கடியான கட்டத்தில் இருக்கும்போது தேர்தல் நடத்துவது பொறுப்பற்ற செயல் என்பதால் அவர் நடத்தவில்லை. மாலைகளில் காபியோடு உட்கார்ந்து ரமல்லாவைக் கண்டிப்பார்.

"நாலு வருஷத்துக்குன்னு வந்து உக்காந்தவங்க எழுந்திரிக்கவே மாட்டேங்கறாங்களே, இது என்ன ஜனநாயகம்?"

"ரொம்பக் குனியாதீங்க, சாவி காபியில விழுந்துரும்" என்பார் உம் ராமிஸ்.

ஒரு வசந்தத்தில் லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே மூன்றாம் மாடி இன்ஜினியர் ஹைதம், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனவர். சாவியோ அபூ ராமிஸின் கழுத்தில். கழுத்தோ பஸ்ஸோடு சோதனைச்சாவடியில். ஒருவழியாக வெளியே வந்தபோது ஹைதம் முழு ஜனநாயகவாதியாக மாறியிருந்தார்.

"தேர்தல் வெக்கணும். நானே நிக்கறேன்."

அபூ ராமிஸ் அசரவில்லை. "தாராளமா வெப்போம். ஜெயிச்சுக் காட்டறேன். இந்தத் தடவை பதில் கையோட வந்துரும்."

கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம் கூடியது. தேர்தல் சரி, ஓட்டு யாருக்கு?

"இதுல என்ன சந்தேகம்?" என்றார் ஹைதம். "கட்டடம் ஜெருசலேம்ல நிக்குது. ஜெருசலேம்வாசிங்கற நீல அட்டை யார்கிட்ட இருக்கோ அவங்க போடணும். பச்சை அட்டைக்காரங்க மேற்குக் கரை. அவங்க ரமல்லாவுல போடட்டும்."

"ரமல்லாவுல என்னைக்குத் தேர்தல்னு சொல்லு, இப்பவே கிளம்பறோம்" என்றது பின்வரிசை.

ஐந்தாம் மாடி டீச்சர் மனார் கையைத் தூக்கினார். அவர் கலிலியில் பிறந்தவர். நீலமோ பச்சையோ இல்லை, இஸ்ரேல் குடியுரிமையே வைத்திருப்பவர்.

"அப்போ எனக்கு?"

"நீங்க குடிமகள். உங்களுக்கு அங்கயே நிறைய இருக்கு."

"நாலு வருஷத்துல அஞ்சு தடவை போட்டேன். போட்டுப் போட்டு விரல் தேஞ்சதுதான் மிச்சம்."

எங்களை ஆளுகிற இஸ்ரேல் நாடாளுமன்றத்துக்கு மனார் ஐந்து முறை ஓட்டுப் போட்டிருக்கிறார், கட்டடத்தின் மற்ற எல்லோரும் பூஜ்யம் முறை. மாநகராட்சித் தேர்தலில் நீல அட்டைக்காரர்கள் போடலாம். போட்டால் அவர்கள் ஆட்சியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று போடுவதில்லை. ஆக எங்களிடம் போட முடியாத ஓட்டு, போடாத ஓட்டு, போட்டும் பயனில்லாத ஓட்டு என்று எல்லா வகையும் இருந்தன. சராசரி எடுத்துப் பார்த்தால் ஜனநாயகம் செழிப்பாகவே இருந்தது.

அப்போது ஒன்பதாம் மாடி இந்திஸார் எழுந்தார். கான் யூனிஸ் பெண். கணவர் பச்சை அட்டைக்காரர். இவர் அட்டையிலோ காஸா முகவரி. எந்தச் சாவடியில் காட்டினாலும் நேரே காஸாவுக்கு ஏற்றிவிடுவார்கள் என்பதால், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெருமுனை ரொட்டிக்கடையைத் தாண்டியதில்லை.

"எனக்கு ஓட்டு உண்டா, இல்லையா?"

ஹைதம் குரலைத் தணித்தார். "தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க. காகிதப்படி நீங்க இங்க இல்லவே இல்லையே."

"இல்லாதவளுக்கு முழங்கால் மட்டும் எப்படிங்க வலிக்குது? லிஃப்ட் நிக்கற அன்னைக்கெல்லாம் ஒன்பது மாடி ஏறறேனே."

எல்லோரும் அபூ ராமிஸைப் பார்த்தார்கள். அவர் கணக்குப் போட்டார். ஜெருசலேமுக்குள் போக முடியாத பச்சை அட்டைக்காரர்கள் அங்கே வாங்க வேண்டிய மருந்து மாத்திரை முதல் எள்ளு ரொட்டி வரை அவர் பஸ்ஸில்தான் வந்து சேர்கிறது. அத்தனை ஓட்டும் அவருக்கே. கொள்கையும் கணக்கும் இப்படி ஒரே திசையில் போவது அரசியலில் அபூர்வம். எழுந்து நின்றார்.

"இந்த லிஃப்ட் யாரையெல்லாம் தூக்குதோ, அவங்க எல்லாருக்கும் ஓட்டு."

"தூக்காத நாளுக்கும் சேர்த்து" என்றார் உம் ராமிஸ்.

கைதட்டல் அடங்கியதும் இந்திஸார் உட்காரவில்லை. "அப்போ நானும் நிக்கறேன்."

"நில்லு தங்கச்சி, நல்லா நில்லு" என்று பெருந்தன்மையோடு ஆசீர்வதித்தார் அபூ ராமிஸ். ஹைதமின் ஓட்டுத்தானே பிரியப்போகிறது.

தேர்தல் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தொடங்கியது. வாசலில் ஒரு தபால் பெட்டி உண்டு; தபால்காரர் சுவருக்கு இந்தப் பக்கம் வராததால் புத்தம் புதிதாக இருந்தது. அதுதான் ஓட்டுப் பெட்டி. விரலில் மை வைக்க, உம் ராமிஸ் பீட்ரூட் போட்டு ஊறவைத்த டர்னிப் ஊறுகாயின் ரோஜா நிறத் தண்ணீர்.

வரிசை நகரவே இல்லை. ஏனென்று பார்த்தால், ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. மாநகராட்சி வரி ரசீது, கரண்ட் பில், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ். யாரும் கேட்கவில்லை. ஆனால் நீல அட்டைக்காரர் தாம் இருக்கிற வீட்டில்தான் இருக்கிறோம் என்று ஆயுள் முழுக்க நிரூபிக்க வேண்டியவர்; இல்லாவிட்டால் அட்டை பறிபோகும். விடியற்காலையில் அதிகாரிகள் வந்து பல் துலக்கும் பிரஷ் ஈரமா என்று தொட்டுப் பார்ப்பார்கள். உரிமை என்ற சொல் காதில் விழுந்ததும் கை தானாகப் பையை எடுத்துவிடுகிறது. ஹைதம் கல்யாண ஆல்பத்தையும் கொண்டுவந்திருந்தார். இதைப் பார்த்துப் பயந்த பச்சை அட்டைக்காரர்கள் தங்கள் பைகளை எடுக்க மாடிக்கு ஓடினார்கள்.

"யாருப்பா கேட்டா இதெல்லாம்?" என்று கத்தினார் அபூ ராமிஸ்.

"கேக்கறதுக்கு முன்னாடியே காட்டிப் பழகிட்டோம்" என்றார் ஹைதம்.

அபூ ராமிஸின் முறை வந்தது. பெட்டிக்குப் பொறுப்பாளரும் அவர்தான். தம் வரி ரசீதைத் தாமே எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, திருப்தியடைந்து, தம்மை உள்ளே அனுமதித்தார்.

இந்திஸார் மட்டும் கையை வீசிக்கொண்டு வந்தார். காட்ட ஒன்றுமில்லாததால் அவர் ஓட்டுக்குத்தான் நேரமே ஆகவில்லை. அவருடைய பிரசாரமும் அவ்வளவு சுருக்கம், படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்களிடம் ஒரே வாக்கியம்தான் சொல்லியிருந்தார்: "லிஃப்ட் நின்னா நான் வீட்ல இருப்பேன்."

வாக்காளர்கள் யோசித்திருக்கிறார்கள். அபூ ராமிஸ் சாவடியில் மாட்டியிருப்பார், ஹைதம் ஜெருசலேமில் வேலையில் இருப்பார். இந்தக் கட்டடத்தில் எந்நேரமும் நிச்சயமாக இருக்கக்கூடிய ஒரே ஆள், காகிதப்படி இங்கே இல்லாதவர்தான். பெட்டியைத் திறந்தபோது சீட்டுகள் அதையே சொல்லின. அபூ ராமிஸ் அள்ளிக் கொடுத்த ஓட்டுகள் அப்படியே ஒன்பதாம் மாடிக்குப் போயிருந்தன.

அவர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "நீ யாருக்குப் போட்டே?"

"லிஃப்ட்டுக்கு."

எல்லோர் கண்ணும் அந்தச் சாவியில். அபூ ராமிஸ் தொண்டையைச் செருமினார். "நாடு நெருக்கடியான கட்டத்துல..." என்று தொடங்கினார். பெட்டியைப் பார்த்தார். குனிந்து உள்ளே கைவிட்டுத் துழாவினார். ஒன்றும் மிச்சமில்லை.

"தபால்ல போட்டு இத்தனை வருஷம் கழிச்சு பதில் வந்திருக்கு" என்றார். "எனக்குப் பிடிக்காத பதில். ஆனா பதில்."

கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி இந்திஸாரிடம் கொடுத்தார். பிறகு நிமிர்ந்து நின்று, எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பை அப்போதே ஏற்றுக்கொண்டார். மறுநாளே லிஃப்ட் சத்தம் போடுவதாக முதல் கண்டனம் வந்தது.

அந்த வாரக் கடைசியில் லிஃப்ட் மறுபடி நின்றது. உள்ளே அபூ ராமிஸ். காஸாக்காரி இரண்டே நிமிடத்தில் சாவியோடு வந்து கதவைத் தட்டினார்.

"யாரு உள்ள?"

"எதிர்க்கட்சி."

"அட்டை என்ன நிறம்?"

உள்ளே பையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது.