கட்டுப் போட்ட கட்டைவிரல்

நேற்று கம்பெனி பஸ்ஸில் கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி வரும்வரை ஒரே பேச்சுதான்.

கையை உள்ளே விட்டால் பிரஸ் மெஷினை நிறுத்தவேண்டிய சென்சாரை ஒரு வாரமாகக் கழற்றி வைத்திருக்கிறார்கள். அதில்தான் செல்வி அக்காவுக்குக் கட்டைவிரல் நசுங்கி நகம் போனது.

"நாளைக்கு மீட்டிங்ல கேட்டுடலாம். இன்னா பண்ணிடுவாங்க?" என்றார் அக்கா.

"நாங்க எல்லாம் கீறோம்க்கா" என்றோம். என் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

இன்று காலை ஷிப்ட் தொடங்கும் முன் வழக்கமான சேஃப்டி மீட்டிங். சூப்பர்வைசர் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"மெஷின்ல எதுனா பிரச்சனைன்னா இப்பவே சொல்லுங்க. இல்லன்னா கட்டைவிரலத் தூக்குங்க, போட்டோ எடுத்துக்கினு போறேன்."

பக்கத்தில் நின்றவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். முன்வரிசையில் ஒரு விரல் எழுந்தது. பிறகு எல்லா விரல்களும். என்னுடையதும்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு சூப்பர்வைசரிடம் பயமில்லை. விரலைத் தூக்காத ஒரே ஆளாக நிற்கத்தான் பயம்.

கடைசியாக அக்காவும் தூக்கினார், வெள்ளைக் கட்டோடு.

டீ பிரேக்கில், "ஏன்க்கா நீ கேக்கல?" என்றேன்.

"நீங்கல்லாம் தூக்கிட்டீங்களே" என்றார். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த போட்டோ இப்போது கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருக்கிறது. கீழே எல்லோரும் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள். நானும் போட்டுவிட்டேன்.

இந்தப் பதிவுக்காவது லைக் போடாமல், நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போங்கள்.