மூன்றாம் நம்பர் ஸ்பிரிங்

கார் என்ஜினில் வால்வு வேலை பார்க்கிறவனை, ஏதாவது உடைகிற நாளில்தான் உலகம் நினைத்துக்கொள்ளும். வேகமாக ஓடும் என்ஜினில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு அறுபது தடவை திறந்து மூடுகிறது. மூடுகிற வேலை ஒரு சின்ன ஸ்பிரிங்குடையது. அது முறிந்தால் வால்வு திறந்தபடி நிற்கும், கீழிருந்து பிஸ்டன் வந்து இடிக்கும், காருக்குச் சொந்தக்காரர் எனக்குப் போன் எடுப்பார். அடுத்தவர் பொருளைத் திருத்திப் பிழைக்கும் உங்கள் எல்லோருக்கும் அந்தப் போன் தெரிந்திருக்கும். லண்டனின் கிழக்கே குட்மேய்ஸில், சிறி அண்ணையின் கராஜில், பதினெட்டு வருடமாக அதை எடுக்கிறவன் நான்.

வாயால் ஓடிய கார்

ரமணி அக்காவுக்கு லண்டனின் தெற்கே டூட்டிங்கில் பலசரக்குக் கடை. வயது ஐம்பத்தாறு. ஜெர்மனியில் இருந்த காலத்தில் வேகமாக ஓட்டிப் பழகியவர். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, பழைய சின்னக் கார் ஒன்றைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறார். வீட்டில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை.

ஒருநாள் போன் எடுத்து, என்ஜின் சத்தம் போடுகிறது என்றார். என்ன சத்தம் என்று கேட்டுவிட்டேன். "டக்கு டக்கு" என்றார். இல்லை, "டிக்கு டிக்கு" என்று திருத்தினார். பிறகு கியர் மாற்றி மேலே போகும்போது வருவதையும் போட்டுக் காட்டினார். ஸ்பிரிங்குகள் களைத்துவிட்டன, வால்வுகளைத் தள்ளித் திறக்கும் கேம்ஷாஃப்டும் தேய்ந்துவிட்டது என்று எனக்கு எப்போதோ விளங்கிவிட்டது. ஆனாலும் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. கடைசியில் அவரே நிறுத்தினார்: "காணும் தம்பி, மிளகாய்த்தூள் வாங்க வந்த மனுசன் பயந்து வெளியில ஓடிட்டார்."

தேசிக்காய் காத்திருந்தது

அந்த முறை நான் மிகக் கவனமாக வேலை செய்தேன். புதுக் கேம்ஷாஃப்டும் எட்டுப் புது ஸ்பிரிங்குகளும் வாங்கி, ஒவ்வொரு ஸ்பிரிங்கின் பலத்தையும் அளந்து, எது எந்த வால்வுக்கு என்று பிரித்தேன். சிறி அண்ணைக்கு மேசையைக் கண்டால் துடைக்கவேண்டும்; துடைத்தால் வரிசை போய்விடும். அதனால் உலோகத்தில் எழுதும் மின்சாரப் பேனையை எடுத்து ஒவ்வொரு ஸ்பிரிங்கின் கம்பியிலேயே நம்பர் பொறித்தேன். எட்டு நம்பரும் அச்சடித்த மாதிரி இருந்தன. எனக்கே பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை ரமணி அக்கா தேசிக்காயும் சூடமுமாக வந்தார். ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்கும், அதற்குள் என்ஜினை உயிர்ப்பித்து, காரைத் தேசிக்காய் மேல் ஏற்றி எடுக்கவேண்டும் என்றார். புதுக் கேம்ஷாஃப்டோ வேறு சட்டம் சொல்லும். முதல் தடவை இயக்கினால் இருபது நிமிடம் வேகம் குறையாமல் ஓடவேண்டும். மெல்ல உறுமவிட்டால் எண்ணெய் ஏறாமல் தேய்ந்துபோகும். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் இயக்கினேன். என்ஜின் நின்ற இடத்திலேயே கத்தி முடித்தபோது ஒன்பது பத்து. ராகுகாலம் முடியும் பத்தரை வரை தேசிக்காய் டயருக்கு முன்னால் கிடந்தது. அதைப் பார்த்தபடி சிறி அண்ணை சொன்னார்: "என்ஜினுக்கும் ராகுகாலத்துக்கும் நடுவில நிண்டு தேத்தண்ணி குடிக்கிறதே என்ர சீவியமாப் போச்சு."

பந்தயத் தடத்திலிருந்து ஒரு போன்

அதற்குப் பிறகு மூன்றாவது ஞாயிறு அந்தப் போன் வந்தது. வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்தாராம், உள்ளே டமார் என்று ஒரு சத்தம், என்ஜின் நின்றுவிட்டது. நான்காம் கியருக்குப் பதில் இரண்டைப் போட்டிருப்பேன் என்றார். அப்படிப் போட்டால் என்ஜின் தாங்காத வேகத்தில் சுற்றி வால்வுகளை வளைக்கும் என்பது உண்மைதான்.

கார் லொறியில் வந்து இறங்கியது. அக்கா கூட வந்து, தலைக்கவசத்தைப் பின்சீற்றில் வைத்துக் கதவைச் சாத்தினார். இனி ஓட்டப்போவதில்லை என்றார், திருத்திப்போட்டு யாருக்காவது விற்றுவிடச் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. போகும்போது சொன்னார்: "பிழை என்ரதான் தம்பி. வீட்டில சொன்னது சரி, எனக்கு இது இனி ஏலாது."

லென்ஸுக்குக் கீழே

பிழையான கியர் என்றால் பல வால்வுகள் வளைந்திருக்கவேண்டும். திறந்து பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் வளைந்திருந்தது, மூன்றாவது. அதன் ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஸ்பிரிங் கம்பிக்கு ஒரு மெல்லிய கீறல் போதும், விரிசல் அங்கேதான் பிடிக்கும். விரிசல் தொடங்கிய இடத்தில் என் அழகான '3' பாதியாக நின்றது.

எத்தனையோ பேருக்கு, ஸ்பிரிங்கைக் குறட்டால் பிடிக்காதே, கீறல் விழும் என்று நான் பாடம் எடுத்திருக்கிறேன். சிறி அண்ணையும் லென்ஸில் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அவ தன்ர பிழையெண்டுதானே சொல்லுறா. நீ என்ன செய்யப்போறாய்?"

வெண்டிக்காய்க்கு முன்னால்

இரண்டு துண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ரயில் மாறி டூட்டிங்குக்குப் போனேன். ரமணி அக்கா ஒரு பெண்ணுக்கு வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். தராசுக்குப் பக்கத்தில் துண்டுகளை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப நான் நாலாம் கியர்தான் போட்டனான்?" என்றார். ஓம் அக்கா என்றேன். இன்னொரு தடவை கேட்டார். அதற்கும் ஓம் என்றேன். வெண்டிக்காய் வாங்க வந்தவளிடம் திரும்பி, "பிள்ளை, நான் சரியான கியர்தான் போட்டனான்" என்றார். அந்தப் பெண்ணும் மிகவும் சந்தோஷம் என்றாள். அக்காவின் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். பிறகு ஸ்பிரிங் துண்டை எடுத்து என் கையில் வைத்து மூடினார்: "கெதியா என்ஜினைக் கட்டும் தம்பி. வாற மாசம் நான் ஓடவேணும். எழுத ஆசை வந்தால் கொப்பியில எழுதும்."

இப்போது எங்கள் கராஜில் ஸ்பிரிங்குகள் முட்டைப் பெட்டிக் குழிகளில் வரிசையாக இருக்கின்றன, நம்பர்கள் பெட்டியின் மூடியில் இருக்கின்றன, ரமணி அக்கா அதே வளைவில் முன்னைவிட வேகமாகப் போகிறார், மின்சாரப் பேனை மட்டும் சிறி அண்ணையின் அலுமாரியில் என்னிடமிருந்து பாதுகாப்பாகப் பூட்டப்பட்டிருக்கிறது.