இருக்கிற தொண்டைக்கு ஒரு பாட்டு

வத்திராயிருப்புப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது ஜைனம்பு அக்காவின் மகள் நஸ்ரீனிடமிருந்து அழைப்பு வந்தது. "மாமா, அம்மா மௌத்தாயிட்டாக" என்றாள். அக்கா போய்விட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ராஜபாளையம் பேருந்துக்காகச் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

ஜைனம்பு அக்காவை உங்களில் பலர் மேடையில் கேட்டிருப்பீர்கள். தானே எழுதி, தானே மெட்டமைத்து, ஆர்மோனியத்துடன் பாடியவர். பக்கத்தில் தபேலாவுடன் உட்கார்ந்திருந்தவன் நான். அக்கா கழுத்தில் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தபோது அந்தக் குரல் இல்லை. மேல் ஸ்தாயி எட்டவில்லை. ஒரு கரகரப்புதான் மிஞ்சியது. இனிப் பாடமாட்டார் என்றே நாங்கள் நினைத்தோம்.

சில மாதங்கள் கழித்து வீட்டுக்கு அழைத்தார். ஆர்மோனியம் இருந்த இடத்தில் கீபோர்டும் லேப்டாப்பும். மகள் நஸ்ரீன் ஒரு பொத்தானை அழுத்தினாள். அறை அதிரும்படி எலெக்ட்ரானிக் தாளம்.

"தாளத்துக்குத்தான் மிசினு இருக்கே, எனக்கு என்னக்கா வேலை?" என்றேன்.

"அது கொஞ்சங்கூடப் பெசகாமத் தட்டுதுப்பா, கேக்கச் சலிப்பா இருக்கு. நீ வழக்கம்போலத் தட்டு" என்று சிரித்தார்.

என் வாசிப்பைப் பதிவுசெய்து அந்தத் தாளத்துக்குள் கலந்தார்கள். நஸ்ரீன் லேப்டாப்பில் அவர் குரலை வழவழப்பாக்கியபோதுதான் அக்காவுக்குக் கோபம் வந்தது. "ஏட்டி, யாரு இவ பாடுறது? என் கரகரப்பத் திருப்பிக் கொண்டா."

இப்படி உருவான பாட்டை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் முதன்முதலாகப் பாடினார். பாதியில் ஒருவர் எழுந்து, "பழைய பாட்டப் பாடுங்கம்மா!" என்று கத்தினார். வேறு சிலரும் கிளம்பினார்கள். அக்கா மைக்கில் சொன்னார்: "அதப் பாடுன தொண்ட போயிருச்சுய்யா. இருக்குற தொண்டைக்கு எழுதுன பாட்டு இது. செத்த நேரம் கேட்டுட்டுப் போங்க." சிலர் உட்கார்ந்தார்கள், சிலர் போய்விட்டார்கள். பின்வரிசையில் மில் வேலை முடிந்து வந்திருந்த பெண்கள் தாளத்துக்குக் கைதட்டத் தொடங்கினார்கள். பாட்டு முடிந்தும் நிறுத்தவில்லை.

போன மாதம் பார்க்கப் போனபோது நஸ்ரீனிடம் சொல்லிப் புதிய பாட்டு ஒன்றைப் போடவைத்தார். அவர் குரல் ஸ்பீக்கரில் ஒலிக்க, மெல்ல எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடத் தொடங்கினார். மூச்சு வாங்கியது, நிற்கவில்லை. "எம்புட்டு வருசம் பாடியிருக்கேன். என் பாட்டுக்கு நானே ஆடணும்னா இப்பத்தாம்ப்பா முடியுது" என்றார்.

அவர் பாடிக் கேட்டவர்கள் ஊர் ஊராக இருக்கிறீர்கள். அவர் ஆடிப் பார்த்தவர்கள் நானும் நஸ்ரீனும் மட்டுமே. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.