பீலி வரைக்கும்

கண்டியில் மூட்டுவாதக்காரர்கள் வரும் கிளினிக் ஒன்றில் எனக்கு வேலை. டாக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழ் ஆட்களுக்கு எடுத்துச் சொல்வேன். "சும்மா உட்கார்ந்தால் மூட்டு இறுகிவிடும், கொஞ்சங்கொஞ்சமாக நடக்க வேண்டும்." ஊருக்கெல்லாம் சொன்னேன். வீட்டில் அம்மா உட்கார்ந்தேதான் இருந்தார்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழே சரிவில் இறங்கினால், ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலி. பெண்கள் குளிப்பதும் ஊர்க்கதை பேசுவதும் அந்தத் தண்ணீரடியில்தான். கொழுந்து பறித்த காலமெல்லாம் அங்கே குளித்த அம்மா, முழங்கால் வீங்கிய பிறகு போகவில்லை. காலையில் நான் இரண்டு வாளி தூக்கி வந்து வைப்பேன். "படிச்ச புள்ளையத் தண்ணி தூக்க வச்சிட்டேனே" என்பார், தினமும்.

ரப்பர் அடி போட்ட கைத்தடி ஒன்று வாங்கி வந்தேன். "பின்னேரம் ரோட்டுல நடங்கம்மா. வளைவு வரைக்கும் போதும்."

முதல் நாளே பாதியில் திரும்பிவிட்டார். மேலே மலையில் பறித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தை எல்லாருக்கும் கேட்கக் கத்தினாராம்: "வெரசாப் பறிங்கடி! எங்க மதினி தடியோட கங்காணி வேலைக்கு வந்துட்டாங்க!"

அம்மா தடியை மூலையில் சாத்தினார். "கைய வீசிக்கிட்டு நடக்க நான் என்ன தொரையாடா?"

எனக்கு உறைத்தது. வேலையில்லாமல் யாரும் நடக்காத ரோடு அது. நான் பிறந்து வளர்ந்த இடம், எனக்கே தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மாவே ஆணியில் தொங்கிய பழைய கொழுந்துக் கூடையை எடுக்கச் சொன்னார். "இது முதுகுல இருந்தா எவளும் கேக்க மாட்டா."

"வெறகு கிறகு போட்றாதீங்கம்மா, பாரம் ஆகாது."

"வெறுங்கூடைடா. பயப்படாத."

கூடை இருந்ததால் தடியை யாரும் கவனிக்கவில்லை. வீக்கம் கூடிய நாட்களில் வீட்டிலேயே கதிரையில் இருந்தபடி காலை நீட்டி மடக்குவார். மற்ற நாட்களில் வளைவு. பிறகு வளைவுக்கும் அப்பால். ஒரு நாள் அத்தையே வாசலில் வந்து நின்றார்.

"மதினி, எனக்கும் எடது முட்டி ஒரே கொடைச்சல். நானும் வரட்டா?"

"கங்காணிகிட்டக் கேட்டுட்டு வா" என்றார் அம்மா.

போன ஞாயிறு காலையில் வாளியைத் தேடினேன். ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சரிவில் பாதி இறங்கியிருப்பேன், கீழே சிரிப்புச் சத்தம். அத்தை தண்ணீர் மொண்டு ஊற்ற, ஈரத்தலையோடு நிமிர்ந்த அம்மா என்னைக் கண்டுவிட்டார்.

"பொம்பளைங்க குளிக்கிற எடத்துல ஒனக்கு என்னடா வேல? போடா மேல!"

வெறும் வாளியோடு திரும்பி ஏறினேன்.