நாரைக்குக் கட்டிய மணல் மூட்டை

1. இரண்டு அலகு

ஏழாவது கண்ணாடிப் பிளேட்டையும் கழுவி, விழுந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாரைக்கு இரண்டு அலகு. குஞ்சுக்கு இரண்டு தலை. கிளை, கூடு எல்லாமே இரண்டிரண்டு. முதலாளி என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏகாம்பரம், கை நடுங்குதா உனக்கு? சாராயம் கீராயம் குடிக்கிறியா?"

"இல்லீங்க. நான் கேமராவைத் தொடறதே இல்ல. கேபிள்லதான் அமுக்கறேன்."

"அப்போ ஸ்டாண்டு ஆடுது. நாலு நாள்ல படம் வரலன்னா மெட்ராஸ்லருந்து ஆள் வரவழைக்கறேன். நீ டார்க் ரூமுக்கே போயிடு."

அது இரண்டாம் உலக யுத்த காலம். திருத்தணியில் சன்னதித் தெருப் பக்கம் எங்கள் ஸ்டூடியோ. மலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்குகிற குடும்பங்களை உட்காரவைத்துப் படம் எடுப்பதுதான் பிழைப்பு. ஆறு வருஷம் படம் கழுவுகிற டார்க் ரூமில் ஹைப்போ மருந்து நாற்றத்தில் கிடந்து, அப்போதுதான் கேமரா ஆபரேட்டர் ஆகியிருந்தேன். மறுபடி அந்த இருட்டுக்குள் போக நான் தயாராக இல்லை.

ரிடையர் ஆன மாட்டு டாக்டர் ஒருவர் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். கனகம்மாசத்திரம் போகிற வழியில் ஓர் ஏரி. அதன் கரையை ஒட்டித் தண்ணீரில் நின்ற கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. தாய் குஞ்சுக்கு இரை ஊட்டுகிற படம் ஒன்று வேண்டும் என்று தன்னுடைய முழ நீள லென்ஸையும் கொடுத்திருந்தார். குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்தாகிவிட்டது. இன்னும் சில நாளில் கூடு காலி.

இப்போது கேமரா பிடிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். லென்ஸ் நீளம் கூடக் கூட, தூரத்துப் பறவை கிட்டே வருகிற மாதிரி ஆட்டமும் கிட்டே வரும். ஸ்டாண்டு ஒரு மயிரிழை அசைந்தால் பிளேட்டில் அது ஒரு விரல்கடை. ஏரிக்கரையில் காற்று சும்மா இருக்காது. அதனால் ஸ்டாண்டின் நடுவில் கயிறு கட்டி ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிடுவோம். மலைமேல் குரூப் போட்டோ எடுக்கும்போது நாங்கள் செய்கிற வேலைதான். ஏரியில் இருப்பது களிமண், காய்ந்தால் கட்டி, நனைந்தால் சேறு. ஆகவே ஊரிலிருந்தே ஆற்று மணலைச் சாக்கில் அடைத்து, வாயைத் தைத்து, கூண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கரையில் பனையோலையில் ஒரு மறைப்பு கட்டினேன். காலடிச் சத்தம் கேட்காமல் இருக்கத் தரையில் வைக்கோல் பரப்பினேன். கேமராவையும் லென்ஸையும் தினம் வீட்டுக்கு எடுத்துப் போவேன். ஸ்டாண்டும் மூட்டையும் அங்கேயே இருக்கும். முதல் இரண்டு நாள் படம் ஆடாமல் துல்லியமாக விழுந்தது. தாய்தான் குஞ்சைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் தாய் ஊட்டியது, படம் லேசாக ஆடியது. நான்காம் நாள் மொத்தமாக ஆடியது.

2. தலையாரி கங்கையா

மூன்றாம் நாள்தான் கங்கையா வந்தான். ஏரி இருந்த கிராமத்துத் தலையாரி, முன்சீப்புக்குக் கீழே ஊர்க்காவல் பார்க்கிறவன். வயதில் எனக்கு மூத்தவன். பித்தளைப் பூண் போட்ட தடியை மடியில் வைத்துக்கொண்டு மறைப்புக்கு வெளியே குந்திக்கொண்டான்.

"இன்னா வோணும்?" என்றேன்.

"ஒண்ணியும் இல்ல, நைனா. சும்மா பாத்துகினு இருக்கேன்."

"எத்தப் பாக்கறே?"

"நீங்க இன்னாத்தப் பாக்கறீங்களோ, அத்தத்தான்."

அவன் பார்த்தது நாரையை இல்லை, என்னை. நான் பிளேட் மாற்றினால் கழுத்தை நீட்டுவான். தண்ணீர் குடிக்க மதகுப் பக்கம் போய்த் திரும்பினால், மறைப்பின் வாசலிலிருந்து எழுந்து நகர்வான். எதற்கு என்று கேட்டால் "வெயிலு" என்பான். இவன் வந்த நாளிலிருந்துதான் படம் ஆடுகிறது. என் பிழைப்பைக் கெடுக்க யாரோ ஏவி விட்டிருக்கிறார்கள். பக்கத்துத் தெரு ஸ்டூடியோக்காரனா? எங்கள் முதலாளியே என்னைக் கழற்றிவிட வழி பார்க்கிறாரா? ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

ஏழாவது பிளேட்டைப் பார்த்த அன்று முதலாளியிடம் சொன்னேன்.

"அந்தத் தலையாரிதான் ஸ்டாண்டை ஆட்டறான்."

"நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. ஆனால் டார்க் ரூமின் கதவு என் பக்கத்திலேயே திறந்து கிடந்தது.

"ஆங், பாத்தேன். கையால தள்ளினான்."

முதலாளி டாக்டரிடம் சொன்னார். டாக்டர் கிராம முன்சீப்பிடம் சொன்னார். மறுநாள் காலை கங்கையா வரவில்லை. முன்சீப் அவன் தடியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார் என்று வண்டிக்காரர் சொன்னார். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

3. வைக்கோலுக்கு அடியில்

அன்று யாரும் பக்கத்தில் இல்லை. காற்றும் மிதம்தான். மூன்று பிளேட் எடுத்துக் கழுவினேன். மூன்றிலும் நாரைக்கு இரண்டு அலகு.

அடுத்த நாள் மறைப்புக்குள் போனதும் கேமராவைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. ஸ்டாண்டின் காலை உதைத்துப் பார்த்தேன், திருகுகளை ஒவ்வொன்றாகத் திருகினேன். கடைசியாகத்தான் மூட்டையைத் தொட்டேன். சோர்ந்துபோய்ப் பாதி வயிறாகத் தொங்கியது. வைக்கோலை விலக்கினால் கீழே மணல் குவிந்திருந்தது. மூட்டையின் அடியில் ஒரு துளை. விரல் நுழையாத, நீளவாட்டில் ஒரு பொத்தல்.

அந்தத் துளை நம் எல்லோருக்கும் தெரியும். அரிசி மண்டியில் மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி, நாலு மணி அரிசியை உருவிப் பார்ப்பார்களே, அந்தத் துளைதான். மண்டியில் குத்தியவுடன் சாக்கை நீவிவிடுவார்கள், துளை மூடிக்கொள்ளும். தொங்குகிற மூட்டையில் சாக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கும். மூடாது. பாரம் குறையக் குறைய ஸ்டாண்டு இளகியிருக்கிறது.

எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், தினமும் பக்கத்தில் தொங்கிய மூட்டையை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. அதை நானே கட்டியதுதான் காரணம்.

கங்கையா வீட்டுக்குப் போனேன். தடியில்லாத கையோடு மாட்டுக் கொட்டகையில் நின்றிருந்தான்.

"மூட்டையக் குத்தினது நீதானா?"

"ஆங், நான்தான்" என்றான். தயங்கவே இல்லை. "பர்மிட் இல்லாம அரிசி கடத்தறாங்கன்னு தாலுகாலருந்து தாக்கீது. நீங்க மூடின வண்டில ஒரு மூட்டயக் கொண்டாந்தீங்க, திரும்பிப் போவ சொல்லோ மூட்ட இல்ல. முன்சீப்பு குத்திப் பாருடான்னாரு. குத்தினேன்."

"மணல்னு தெரிஞ்சிபோச்சே. அப்புறமும் ஏன் வந்துகினே இருந்தே?"

"அரிசின்னா புரிஞ்சிருக்கும், நைனா. மணல மூட்ட கட்டி, வண்டி வெச்சிக் கொண்டாந்து, ஓலைக்குள்ள தொங்கவுடறவன எப்படி நம்பறது?"

என்னால் சிரிக்க முடியவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"குத்தினத நான் ஒத்துக்கறேன். ஆனா கையால தள்ளினேன்னு சொன்னீங்களாமே. நான் தள்ளினத நீங்க பாத்தீங்களா?"

அவமானமாக இருந்தது. அவன் செய்ததைச் செய்தேன் என்றான். நான் பார்க்காததைப் பார்த்தேன் என்றிருந்தேன்.

அன்றே முன்சீப் வீட்டுக்குப் போனேன். என் நேரம், டாக்டரும் முதலாளியும் அங்கேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். "அவர் ஸ்டாண்டைத் தள்ளினத நான் பாக்கலீங்க. பொய் சொன்னேன்" என்றேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். முன்சீப் உள்ளே போய்த் தடியை எடுத்து வந்து, "நீயே கொண்டுபோய்க் குடு" என்று என் கையில் வைத்தார். ஊர் பார்க்க அதைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

4. ஏந்திரக் கல்

மறுநாள் விடிந்ததும் கங்கையா ஏரிக்கரைக்கு வந்தார். அதற்குப் பிறகு எனக்கு அவரை 'அவன்' என்று சொல்ல நா எழவில்லை. தோளில், மாவு திரிக்கிற ஓர் உடைந்த ஏந்திரக் கல். நடுத்துளையில் அவரே கயிறு கோத்திருந்தார்.

"இதுல குத்தூசி எறங்காது" என்றார். "அந்தரத்துல வுடாதீங்க, ஊஞ்சலாடும். தரைல பட்டும் படாம நிக்கணும்."

அப்படியே கட்டினேன். ஓலையை விலக்கி, உள்ளே இருப்பது யாருக்கும் தெரிகிற மாதிரி பின்பக்கத்தைத் திறந்து வைத்தேன். வெயில் ஏறியதும் தாய் வந்து நத்தைச் சதையைக் குஞ்சின் வாயில் வைத்தது. கேபிளை அமுக்கினேன். பிளேட்டில் அலகு ஒன்றுதான் விழுந்தது.

டாக்டருக்குத் திருப்தி. முதலாளி பிளேட்டை வாங்கிக்கொண்டு, "படம் நல்லாதான் கீது. பொய் சொன்னதுக்கு ஒரு வருஷம் உள்ள இரு" என்று டார்க் ரூமைக் காட்டினார். இருந்தேன்.

அந்த வருஷம் முடிந்து நான் வெளியே வந்தபின் முதலில் எடுத்த படம் கங்கையா குடும்பத்தின் படம்தான். பேரனுக்கு மலையில் மொட்டை போட்டு அழைத்து வந்திருந்தார். எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு நான் கறுப்புத் துணிக்குள் போகும்போது அவர் எழுந்து வந்து, ஸ்டாண்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அதே ஏந்திரக் கல் தொங்கியது. போய்த் தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தேன். படம் ஆடினால் முதலில் நான் கட்டிய முடிச்சைத்தான் அவிழ்த்துப் பார்ப்பேன். பக்கத்தில் நிற்கிற ஆளைப் பற்றி யாராவது கேட்டால், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வேன்.