லாரி ஏறாத சிம்மாசனம்

எங்கள் கிராமத்து நாடகக் குழுவில் மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொள்பவர் சாமானக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் வீட்டுக்காரருக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம்தான். எங்கள் தகரக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள நீள அறைதான் அக்காவின் ராஜ்ஜியம். அட்டை வாள்கள், ஒயர் போன தொலைபேசி, ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்த கதவு என்று எல்லாம் அங்கே கிடக்கும். “இது எதுக்குக்கா?” என்று கேட்டால், “இருக்கட்டுமே, உங்ககிட்ட சோறா கேக்குது?” என்பார்.

வெளியூரில் நாடகம் என்றால் போதும், ஊசியிலிருந்து ஏணிவரை லாரியில் ஏறிவிடும். இரண்டே பேர் நடிக்கிற நாடகத்துக்கும் நாலு பேர் தூக்கும் மரச் சிம்மாசனம் வரும். கதையில் ராஜாவே கிடையாது என்று சொல்லிப் பார்த்தோம். “திடீர்னு தேவைப்பட்டா?” என்றார். லாரி ஓட்டுபவர் அவர் வீட்டுக்காரர்தான் என்பதால் புகார் சொல்லவும் வழியில்லை.

அப்படி இருக்கும்போதுதான் குழுவுக்குப் புதுத் தலைவி வந்தார். அறிவியல் டீச்சராக இருந்தவர். முதல் கூட்டத்திலேயே, “நம்ம குழுவோட கார்பன் தடம் ரொம்பப் பெரிசா இருக்கு. குறைக்கணும்” என்றார்.

சாமானக்கா சட்டென்று காலைத் தூக்கிச் செருப்பின் அடியைப் பார்த்தார். “நான் வாசல்லயே தட்டிட்டுத்தான் டீச்சர் வந்தேன்.”

நாங்கள் சிரித்து முடிக்கும்வரை தலைவி காத்திருந்தார். பிறகு, நாம் எரிக்கிற டீசலும் மின்சாரமும் எவ்வளவு புகையாக வானத்துக்குப் போகின்றன என்று பொறுமையாக விளக்கினார். சொன்னதோடு நிற்கவும் இல்லை. அடுப்பு மாதிரி காய்ந்த பழைய மேடை விளக்குகள் போய் எல்ஈடி விளக்குகள் வந்தன. ராஜா வேஷம் கட்டும் எங்கள் தையல்காரர், “இனிமே என் மீசை வேர்வையில கழண்டு விழாது” என்று சந்தோஷப்பட்டார்.

“ஆனா இதெல்லாம் கொசுறுதான்” என்றார் தலைவி, சாமானக்காவின் பக்கம் திரும்பாமலே. “பெரிய புகை லாரியில போகுது. அப்புறம், நம்ம கொட்டகைக்கு ஆளுக்கொரு வண்டியில வர்றாங்களே, அதுல போகுது. நாம அவங்க ஊருக்குப் போயிட்டா அவங்க நடந்தே வரலாம். நாம பஸ்ல போவோம்.”

“பஸ்லயா? சிம்மாசனத்துக்கும் டிக்கெட் எடுக்கணுமே!”

“அது வரவே வேணாம். வேணுங்கறத அந்தந்த ஊர்லயே கேட்டு வாங்கிக்கலாம்.”

அக்காவின் முகம் சுண்டிப்போனது. அன்று வீட்டில் நடந்ததை லாரிக்காரரே பிறகு எங்களிடம் சொன்னார்.

“ஏங்க, நீங்களாவது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலாம்ல?”

“என்னத்தப் பேச? அந்த நாற்காலிய ஏத்தி எறக்கியே என் இடுப்பு விட்டுப்போச்சு.”

“நாற்காலியா? சிம்மாசனம்!”

“உக்காந்தா எல்லாம் நாற்காலிதான்.”

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

முதல் பஸ் பயணத்துக்கு ஒரு திரை, ஒரு கிரீடம், உடைகள் அடங்கிய பை, அவ்வளவுதான். போய் இறங்கிய ஊரில் ஒரு பெரிய மரத்தடிதான் மேடை. உட்கார ஒரு மணைகூட இல்லை. “ராஜா நின்னுக்கிட்டே ஆளட்டும்” என்று சொல்லிவிட்டு, அக்கா எதிர்த் தெருவுக்கு விறுவிறுவென்று நடந்தார். வெறுங்கையோடு திரும்பி வந்து தலைவியின் மூக்கை உடைக்க வேண்டும் என்பதுதான் அவர் திட்டம்.

முதல் வீட்டில் கதவைத் தட்டி, “ஒரு நாற்காலி கிடைக்குமா? ராஜா உக்காரணும்” என்றார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

“ராஜாவுக்கா? இருங்க, தொடச்சுத் தர்றேன்” என்று அந்த வீட்டுக்காரி உள்ளே ஓடினாள். அதற்குள் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. “எங்க நாற்காலிக்குக் கை இருக்குங்க! கையில்லாததுல ராஜா எப்படி உக்காருவாரு?”

அக்காவின் திட்டம் அங்கேயே கவிழ்ந்தது. திரும்பி வரும்போது அவர் பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது. நாற்காலிகள், பெஞ்சு, நிலைக்கண்ணாடி, சுவர்க்கடிகாரம், எல்லாவற்றையும் அவரவரே தூக்கி வந்தார்கள்.

நாடகம் தொடங்கியது. தையல்காரர் கோபாவேசமாக வந்து அரியணையில் பொத்தென்று உட்காரப் போனார். கூட்டத்திலிருந்து அலறல்: “ஐயோ, மெதுவா! அதுக்குப் பின்னங்கால் ஆடும்!”

ராஜா பாதியிலேயே நின்றார். ஓரமாக, பதமாக உட்கார்ந்து, “அமைச்சரே, நம் ஆட்சி ஆட்டம் காண்கிறது” என்றார். மரத்தடியே அதிர்ந்தது. இன்னொரு காட்சியில் அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னதும், “அத நம்பாதீங்க, அது முன்னாடி ஓடும்!” என்று ஒருவர் எழுந்தே விட்டார்.

திரைக்குப் பின்னால் சாமானக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் அவர் சுமந்த சாமான்களை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இங்கே ஒரு ஆடுகிற காலுக்காக ஊரே பதறுகிறது.

திரும்பும் பஸ்ஸில் அக்கா தலைவியின் தோளை இடித்தார். “டீச்சர், அடுத்த ஊர்ல நல்ல கட்டில் கிடைக்குமா? இல்ல, சும்மா கேட்டேன்.”

இப்போது லாரிக்காரர் செங்கல் ஏற்றுகிறார். செங்கலை என்ன சொன்னாலும் யாருக்கும் கோபம் வராது என்பதில் அவருக்கு நிம்மதி. சிம்மாசனத்தின் மேல் அக்கா துணிகளைக் காயப்போடுகிறார். டீசல் செலவு எவ்வளவோ குறைந்துவிட்டதாகத் தலைவி சொல்கிறார். ஊர் ஊராகப் போய் வீட்டு வாசலில் நின்று சாமான் பேசி வாங்குவதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஒரே ஒரு முறைதான் சிக்கிக்கொண்டார். ஓர் ஊரில் எதிரெதிர் வீட்டு ஓரகத்திகள் இருவர், ராஜாவுக்கு என் கட்டில்தான் என்று மல்லுக்கு நின்றார்கள். தூங்குகிற காட்சிக்கு மூத்தவள் கட்டில், கடைசிக் காட்சிக்கு இளையவள் கட்டில் என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். கடைசிக் காட்சியில் ராஜா சாகிறார் என்பது இளையவளுக்கு யார் மூலமோ தெரிந்துவிட்டது.

“அவ கட்டில்ல தூங்குவாரு, என் கட்டில்லதான் சாவாரா?” என்று மேடைக்கே வந்துவிட்டாள்.

அன்றைக்கு ராஜா சாகவில்லை. லேசான காய்ச்சலோடு விட்டுவிட்டோம்.