ஒரு மீன் படத்துக்காக

இன்று யாழ்ப்பாணம் குருநகர் இறங்குதுறையில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மீனவர்கள் கடலுக்குப் போகுமுன் காற்றின் வேகத்தைப் பார்க்கவென்று எங்கள் அலுவலகம் ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தது. அங்கே மீன்பிடிக்கும் மரியதாஸ் அண்ணை தன் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். திரை முழுக்க வெள்ளை.

“தம்பி, உங்கடை பக்கம் திறக்கிறதுக்குள்ளை காத்து அடிச்சு ஓய்ஞ்சே போயிடும்.”

திருநெல்வேலியிலுள்ள அலுவலகத்துக்குத் திரும்பியதும், பக்கத்துக்குத் தேவையானதையெல்லாம் ஒரே பொதியாகக் கட்டித்தரும் பில்ட் டூலின் செட்டிங்கைத் திறந்தேன்.

ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன்.

மேலே ஒரு சின்ன மீன் படம் போடுவதற்கு ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள லைப்ரரி முழுவதும் பொதிக்குள். திகதியைத் தமிழில் காட்டுவதற்கு உலகத்து மொழிகள் அத்தனையும் பொதிக்குள். பாவிக்காததைக் கழித்துவிடும் வசதியையும் நிறுத்தி வைத்திருக்கிறது.

எல்லாம் என்னோடு வேலை செய்யும் சுதர்சனின் கைவண்ணம்.

“அது எரர் காட்டிக்கொண்டிருந்தது மச்சான், அதுதான் நிப்பாட்டினனான். ஒபிஸ் வைஃபையிலை டக்கெண்டு திறக்குதுதானே?”

“இறங்குதுறையிலை ஒபிஸ் வைஃபை பிடிக்குமோடா?”

பின்னேரம் வந்து, “சரியாக்கிப் போட்டன்” என்றான். திறந்து பார்த்தேன். பொதி அப்படியே இருக்கிறது. பக்கம் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு வட்டம் சுற்றுகிறது. அந்த வட்டத்தைச் சுற்றவைக்க இன்னொரு லைப்ரரியும் பொதிக்குள். வட்டம் வரும்வரை திரை பழையபடி வெள்ளை.

நாளைக்கு இவனைக் கடலுக்கு அனுப்புவதாக இருக்கிறேன். வள்ளத்தில் இடமிருப்பவர்கள் கீழே கொமெண்டில் சொல்லுங்கள். காற்று எப்படியிருந்தாலும் பரவாயில்லை.